சாய்பலகை தவறு செய்யாது

நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டுமென்றால் மூன்று தேர்வுகளில் தேற வேண்டும். உறுப்பினர் ஆவதற்கு அப்படி எதுவும் கிடையாது.

டெஸ்ஸா டர்ன்ஃபோர்ட் மூன்றிலும் தேறியவள். முதல் தேர்வு முகங்கள். முந்நூற்றுச் சொச்சம் உறுப்பினர்களின் படங்கள் அடங்கிய தடித்த புத்தகத்தைப் பார்த்து, யார் யார், எந்த இருக்கை, தண்ணீரில் பனிக்கட்டி எத்தனை என்று மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது நடை. விளிம்புவரை நிரம்பிய கண்ணாடி டம்ளரோடு பச்சைக் கம்பளத்தில் நாற்பது அடி நடக்க வேண்டும். சிந்தக் கூடாது, அவசரப்படக் கூடாது, தாமதிக்கவும் கூடாது. மூன்றாவதுதான் கடினம். ஒரு பழைய நிதியமைச்சரின் வரவு செலவு உரையை இரண்டு மணி நேரம் ஒலிபரப்புவார்கள். முகத்தில் எந்தக் கருத்தும் தெரியாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த வருடம் பதினொரு பேர் இதில் தோற்றார்கள். பத்துப் பேர் சிரித்துவிட்டார்கள், ஒரு பையன் அழுதுவிட்டான்.

தேறிய நாற்பது பேரும் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறவர்கள். பாதி நாள் படிப்பு, மீதி நாள் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு அவையில் சேவகம். பேஜ் என்று பெயர். தண்ணீர் கொடுப்பது, துண்டுச் சீட்டு கொண்டு போவது, கூப்பிடாதபோது இல்லாமல் இருப்பது.

டெஸ்ஸாவின் ஊர், நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள நியூஃபவுண்ட்லாந்தின் தெற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் டில்ட் தீவு. மக்கள்தொகை இருநூற்றுப் பதினொன்று. அவளுக்கு இடம் கிடைத்த செய்தி வந்ததும் மாதா கோயில் கூடத்தில் விருந்து வைத்து, 'எங்கள் டெஸ்ஸா நாடாளுமன்றம் போகிறாள்' என்று துணியில் எழுதிக் கட்டினார்கள். அவள் தேர்தலில் ஜெயித்துவிட்டதாகவே தீவில் பாதிப் பேர் நினைத்தார்கள். அவளுடைய அம்மா ரோனா யாரையும் திருத்தவில்லை. "இருக்கட்டுமே. நம்ம ஆளு ஒருத்தராவது அங்க போயி வேலை செய்யட்டும்" என்றாள்.

இதில் ஒரு குத்தல் இருந்தது. தீவுக்கு ஏற்கெனவே நாடாளுமன்றத்தில் ஓர் ஆள் உண்டு. பெயர் அம்ப்ரோஸ் கீப்பிங். தீவுக்கு அவர் அம்ப்ரோஸ் மாமா. பத்தொன்பது வருடங்களாக அந்தத் தொகுதியின் உறுப்பினர். அந்தப் பத்தொன்பது வருடங்களில் அவைக்குள் அவர் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் 'அவையில் ஒரு பொய்கூடச் சொல்லாதவர்' என்று தட்டி வைப்பார். அது உண்மைதான் என்பதால் எதிர்த்து நின்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

அவர் பேசாததில் யாருக்கும் பெரிய குறை இருந்ததில்லை, படகு நிற்கும்வரை.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்க ஒரே ஒரு பயணிகள் படகுதான் இருந்தது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. ரோனா அந்தப் படகில்தான் டீக்கடை வைத்திருந்தாள். டப்பாப் பால் விட்ட டீயும் மீன் அடையும் விற்பாள். ஜூலை மாதம் படகு பழுதுபார்க்கப் போனது. போனது போனதுதான். ஆகஸ்டில் டெஸ்ஸா தலைநகருக்குப் புறப்பட்டதே சிங்கறால் பிடிக்கிற ஒரு படகில், வலைக் கூடைகளுக்கு நடுவே கறுப்புக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான். வானிலை கெட்டால் அந்த வழியும் கிடையாது. பிரசவ வலி எடுத்த ஒருத்தியைக் கொண்டுபோக செப்டம்பரில் இரண்டு நாள் காத்திருந்தார்கள். குழந்தைக்கு அவ்வளவு பொறுமை இல்லாததால் அது தீவிலேயே பிறந்து, மக்கள்தொகை இருநூற்றுப் பன்னிரண்டு ஆனது.

பேஜ்களுக்கு மேற்பார்வையாளர் மதாம் ஷாரெட் என்ற பிரெஞ்சு பேசும் அம்மையார். இருபத்தாறு வருட அனுபவம். சத்தமே வராத காலணி போட்டிருப்பார். அவர் வருவது யாருக்கும் தெரியாது, வந்திருப்பது மட்டும் தெரியும். முதல் நாள் நாற்பது பேரையும் வரிசையில் நிறுத்திப் பேசினார்.

"நீங்க யாரு? யாருமில்ல. அதுதான் உங்களுக்குப் பெருமை. இந்த நாட்டு ஜனநாயகம் பேசிப் பேசித் தொண்டை வறண்டு போற ஜனநாயகம். சட்டமே நிறைவேறாம ஒரு வருஷம் ஓடினதை நான் பார்த்திருக்கேன். பட்ஜெட் இல்லாம மூணு மாசம் ஓடியிருக்கு. தண்ணி இல்லாம ஒரு மணி நேரம் ஓடினதில்ல. என் காலத்துல ஓடினதில்ல."

பிறகு விதிகள். டம்ளரை இடது பக்கமிருந்துதான் வைக்க வேண்டும். நடு மேசையில் தங்க முலாம் பூசிய கதாயுதம் ஒன்று படுத்திருக்கும். அதற்கு முதுகு காட்டக் கூடாது. அது இல்லாவிட்டால் அவை செல்லாது. உறுப்பினர்கள் இல்லாவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலான விதி, எந்த உறுப்பினரிடமும் எந்த விவகாரத்தைப் பற்றியும் பேஜ் வாய் திறக்கக் கூடாது. ஊரைப் பற்றி, ரோட்டைப் பற்றி, வானிலையைப் பற்றிக்கூட. திறந்தால் அடுத்த நாளே வீடு.

டெஸ்ஸா அன்று வெளியே வந்ததும் கூட நின்ற ஃபாபியானிடம், மழை பெய்தால்கூடச் சொல்லக் கூடாதா என்று கேட்டாள். ஃபாபியான் வடக்கே மரம் அறுக்கும் ஊரிலிருந்து வந்தவன். "தாயே, மழைன்னு நீ சொன்னா எதிர்க்கட்சி நீ குடை பக்கம்னு சொல்லும். நமக்கு எதுக்கு?" என்றான்.

சில வாரங்களில் டெஸ்ஸாவுக்கு அவை பழகிவிட்டது. கேள்வி நேரத்தில் ஆளுங்கட்சியின் தாடிக்காரரும் எதிர்க்கட்சியின் கண்ணாடிக்காரரும் ஒருவரையொருவர் தேசத்தின் சாபக்கேடு என்று கூவுவார்கள். கூவி முடித்ததும் தாடிக்காரர் விரலைச் சொடுக்குவார். டெஸ்ஸா போய்ச் சீட்டை வாங்கிக் கண்ணாடிக்காரரிடம் கொடுப்பாள். சீட்டைப் படிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அவர்கள் மடித்துத் தருவதில்லை. 'ஏழு மணிக்கு அந்த இத்தாலியக் கடையா? உன் மனைவியையும் கூட்டி வா' என்று இருக்கும். கண்ணாடிக்காரர் 'சரி, பில் உன்னுடையது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து, வெட்கமில்லையா உங்களுக்கு என்று மறுபடியும் ஆரம்பிப்பார்.

கீப்பிங் கடைசி வரிசையில், திரைச்சீலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பெரிய கைகள், சுத்தமான சட்டை. யார் பேசினாலும் அவர்கள் பக்கம் திரும்பி, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பார். அந்த அவையில் கேட்கிற ஒரே ஆள் அவர்தான் என்பதால் மற்றவர்களுக்கு அது கொஞ்சம் அசௌகரியமாக இருந்தது. டெஸ்ஸா தண்ணீர் வைக்கும்போது மெதுவாகத் தலையசைப்பார். ஒருமுறைகூட அவரை மாமா என்று அவள் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தொலைபேசியில் வருவாள்.

"கண்ணு, நம்ம ஆளு வாயத் தொறந்தாரா?"

"தொறந்தாரும்மா. கொட்டாவி விட்டாரு."

"அதையாவது எழுதிக்கிட்டாங்களா?"

அக்டோபரில் போக்குவரத்து அமைச்சர் எழுந்து, டில்ட் தீவு வழித்தடத்தை நிரந்தரமாக முடித்துக்கொள்ளும் அறிவிப்பை அவை முன் வைத்தார். டெஸ்ஸா அப்போது அவருக்குப் பின்னால் டம்ளரோடு நின்றிருந்தாள். அமைச்சர் இனிமையாகப் பேசுகிறவர்.

"படகை நிறுத்திவிட்டதாகச் சிலர் அவதூறு பரப்புகிறார்கள். படகு நிறுத்தப்படவில்லை, இயங்காமல் இருக்கிறது. நாங்கள் புள்ளிவிவரத்தின்படி நடக்கிற அரசு. ஜூலை மாதத்திலிருந்து அந்தப் படகில் பயணம் செய்தவர்களின் எண்ணிக்கை பூஜ்யம். தேவை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மக்களிடமிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. புகார்ப் பெட்டியை நாங்கள் மூடிவிடவில்லை. அது இன்றும் அந்தப் படகிலேயே, திறந்தபடி இருக்கிறது."

மேசைகள் தட்டப்பட்டன. மூன்றாவது தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய டெஸ்ஸாவின் முகத்தில் எந்தக் கருத்தும் தெரியவில்லை. டம்ளரில் மட்டும் பனிக்கட்டி கிலுகிலுவென்று ஆடியது.

இப்படிப்பட்ட அறிவிப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. முப்பது அமர்வு நாட்களுக்குள் அந்தத் தொகுதியின் உறுப்பினர் எழுந்து ஆட்சேபம் சொன்னால் அறிவிப்பு விழுந்துவிடும். அவர் பேசாவிட்டால் தொகுதியே சம்மதித்ததாகப் பொருள். முப்பதாவது நாள், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. தீவில் எல்லோரும் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைத்தார்கள். கீப்பிங்குக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் எழுதினார்கள். பச்சைக் குழந்தையின் கடிதத்தில் கால் ரேகை இருந்தது. எல்லாவற்றுக்கும் அவர் தன் கையாலேயே பதில் எழுதினார். 'நேரம் வரும்போது நிச்சயம் பேசுகிறேன்.' பத்தொன்பது வருடமாக அவர் எழுதுகிற பதில் அதுதான்.

இதற்கு நடுவில்தான் சாய்பலகை விவகாரம் வந்தது.

தாளை வைத்துப் படிப்பதற்கு ஓக் மரத்தில் செய்த சிறிய சாய்பலகைகள் அவையில் இருந்தன. பேசப் போகிற உறுப்பினரின் மேசையில் பேஜ் ஒருவர் அதைக் கொண்டுபோய் வைப்பார். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் சபாநாயகருக்குத் தூரப் பார்வை மங்கல். அதை ஒப்புக்கொள்வது பதவியின் மாண்புக்குப் பொருந்தாது. ஆகவே அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, சாய்பலகை எங்கே இருக்கிறதென்று பார்த்து அந்தத் தொகுதியின் பெயரைச் சொல்லி அழைப்பார்.

நவம்பரில் ஒரு நாள், விவசாயக் குழுவின் தலைவருக்குச் சாய்பலகை வைக்கச் சொல்லி டெஸ்ஸாவை அனுப்பினார்கள். அவர் முகம் அவளுக்கு மனப்பாடம். அடர்ந்த சுருட்டை முடி, மெலிந்த கன்னம். படப் புத்தகத்தில் இருந்தது அவருடைய முதல் தேர்தல் படம் என்பதும், அந்த முடி இப்போது அவரிடம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியாது. பக்கத்து இருக்கையில் சுருட்டை முடியோடு ஒருவர் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார். அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

அவர் யோசிக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். சமவெளிப் பக்கத்து உறுப்பினர் ஓரெஸ்ட் மெல்னிக். சபாநாயகர் அழைத்ததும் துள்ளி எழுந்தார். முன்னால் சாய்பலகை இருந்தது, அதில் ஒன்றுமில்லை. அனுபவசாலி, தயங்கவில்லை. பதினெட்டு நிமிடம் பேசினார். இந்த மாபெரும் நாட்டின் எதிர்காலம் நம் முன்னால் இருக்கிறது என்றார், கடந்த காலம் பின்னால் இருக்கிறது என்றார், உழைக்கும் குடும்பங்களை மறக்க மாட்டேன் என்று மூன்று முறை மறந்து மறந்து சொன்னார். கட்சி எழுந்து நின்று கைதட்டியது. மறுநாள் ஒரு பத்திரிகை, அந்தப் பருவத்தின் தெளிவான உரை என்று எழுதியது.

மதாம் ஷாரெட் மட்டும் கவனித்துவிட்டார். அவர் எழுதி வைக்க, அது அவைச் செயலருக்குப் போக, செயலரிடமிருந்து நடைமுறைக் குழுவுக்குப் போனது. குழு ஒன்பது நாள் கூடியது. தவறாக அழைக்கப்பட்ட ஒருவர் பேசிய உரை செல்லுமா? செல்லாதென்றால் அவை தவறு செய்ததாக ஆகும். முடிவில் சபாநாயகர் நாற்பத்தொரு பக்கத் தீர்ப்பு வாசித்தார்.

"இந்த அவை நூற்றைம்பது ஆண்டுகளில் தவறு செய்ததில்லை. இனியும் செய்யும் உத்தேசம் இல்லை. ஆகவே சாய்பலகை இருந்த இடமே அது இருந்திருக்க வேண்டிய இடம். அது எவர் முன் வைக்கப்படுகிறதோ அவரே பேச விரும்பியவர். அவர் பேசி முடிக்கும்வரை வேறெவரும் பேசலாகாது. சாய்பலகை தவறு செய்யாது. அதைத் தூக்கி வருகிறவர் செய்யக்கூடும். அவருக்கு முதல் தடவை எச்சரிக்கை, மறு தடவை வெளியேற்றம்."

எச்சரிக்கைக் கடிதம் நாட்டின் ஆட்சிமொழிகள் இரண்டிலும் வந்தது. டெஸ்ஸா இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள்.

தீர்ப்புக்குப் பிறகு அவையில் யாருக்கும் நிம்மதி இல்லை. சாய்பலகையோடு ஒரு பேஜ் நுழைந்தால், பாம்பு கொண்டு வருகிற மாதிரி வரிசை வரிசையாக ஒதுங்கினார்கள். சிலர் இரண்டு முழங்கைகளையும் பரப்பி மேசையை மறைத்துக்கொண்டார்கள். ஓர் அம்மையார் பூந்தொட்டி வைத்தார். ஊழல் புகாரில் மாட்டியிருந்த அமைச்சர் ஒருவரின் மேசையில் எப்படியாவது சாய்பலகையை வைத்துவிட எதிர்க்கட்சிக் கொறடா ஒரு வாரம் முயன்றார். ஆளுங்கட்சிக் கொறடா அந்த அமைச்சர் பக்கத்தில் இரண்டு பருமனான உறுப்பினர்களைக் காவலுக்கு உட்காரவைத்தார். சாய்பலகைகளுக்கென்றே வெள்ளைக் கையுறை போட்ட பாதுகாவலர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் தினமும் காலையில் எண்ணுவார். மொத்தம் நான்கு.

ஃபாபியான் டெஸ்ஸாவைப் பார்த்துக் கும்பிட்டான். "வந்து மூணு மாசத்துல அரசியல் சாசனத்தையே மாத்திட்டியே தாயே. நான் இன்னும் பனிக்கட்டிகூட எண்ணிக் கத்துக்கல" என்றான்.

முப்பதாவது நாள் வந்தது.

முந்தின நாள் அம்மா கூப்பிட்டிருந்தாள். அவள் குரலில் கேலி இல்லை. அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் சிங்கறால் படகில் வந்து, தீவை விட்டே குடிபெயரச் சம்மதமா என்று ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். "நாளைக்கு அம்ப்ரோஸ் பேசலேன்னா கையெழுத்துப் போட வேண்டியதுதான் கண்ணு. நீ லீவுக்கு வரும்போது எந்த ஊருக்கு வரணும்னு அப்புறமா சொல்றேன்" என்றாள். டெஸ்ஸா பேஜ்களின் விதியை நினைத்துப் பார்த்தாள். கீப்பிங்கிடம் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சொல்லாவிட்டால் அனுப்புவதற்கு வீடு இருக்காது.

வெள்ளிக்கிழமை மதியம். அவை வழக்கம்போல இரைந்தது. கடைசி அலுவலாகப் போக்குவரத்து அமைச்சர் அறிவிப்பை முடித்துவைக்க வேண்டும். பாதுகாவலர் வெள்ளைக் கையுறையோடு சாய்பலகையை எடுத்து, வாசலில் நின்ற டெஸ்ஸாவிடம் நீட்டி, அமைச்சருக்கு என்றார்.

திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் முதலில் வருவது கடைசி வரிசை. முதலில் வருகிற மேசை கீப்பிங்கினுடையது. அமைச்சர் இருப்பது அங்கிருந்து நாற்பது அடி.

அவள் ஓர் அடிதான் நடந்தாள். இடது பக்கமிருந்து, சத்தமில்லாமல், சொல்லிக் கொடுத்தபடியே வைத்தாள். வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒதுங்கி, கதாயுதத்துக்கு முதுகு காட்டாமல் நின்றாள்.

சபாநாயகர் கண்ணைச் சுருக்கிச் சாய்பலகையைத் தேடினார். அது இருந்த இடத்தைக் கண்டார். தொகுதியின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார், அந்தப் பெயர் நினைவில் இல்லை. பத்தொன்பது வருடமாகத் தேவைப்படவில்லை. செயலர் எழுந்து காதில் சொன்னார். சபாநாயகர் அதைச் சொன்னதும் தாடிக்காரர் கூவுவதை நிறுத்தினார். கண்ணாடிக்காரர் திரும்பினார். முந்நூறு தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. அமைச்சர் கையில் தாளோடு, வைப்பதற்கு இடமில்லாமல் நின்றார். அந்த மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. திரைச்சீலைக்கு வெளியே குழாயில் தண்ணீர் சொட்டுவது முதல் தடவையாகக் கேட்டது.

கீப்பிங் தலையைச் சாய்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்தார்.

"எல்லாரும் பேசி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

கொஞ்சம் இடைவெளி விட்டு, மேலே பேசினார்.

"நான் காத்துக்கிட்டுதான் இருந்தேன். எங்க ஊர்ல ஒருத்தர் பேசிக்கிட்டிருக்கும்போது இன்னொருத்தர் குறுக்க பேச மாட்டோம். அடுப்படியில நாப்பது பேர் உக்காந்திருந்தாலும் அப்படித்தான். அவங்க முடிச்சு, கொஞ்சம் இடைவெளி விட்டா, அப்புறம் நாம. இங்க எப்ப முடியும்னு பாத்தேன். நடுவுல பத்தொன்பது வருஷம் ஆயிடுச்சு. பரவாயில்ல. எங்களுக்குப் படகு வேணும். நான் ஆட்சேபிக்கிறேன். சொல்ல வந்தது அவ்வளவுதான். நீங்க ஆரம்பிக்கலாம்."

உட்கார்ந்தார். டெஸ்ஸா அவர் பக்கத்தில் தண்ணீர் வைத்தாள்.

அறிவிப்பு விழுந்தது. டில்ட் தீவில் மாதா கோயில் மணியை அடித்தார்கள். அதன் பிறகு அமைச்சர், வழித்தடம் ரத்தாகவில்லை என்பதை அரசு மகிழ்ச்சியோடு ஏற்பதாகவும், வழித்தடம் என்பது ஒரு கோடு, படகு என்பது ஒரு வாகனம், அவை ஏற்றது கோட்டை மட்டுமே என்றும் விளக்கம் வெளியிட்டார். வழித்தடம் பிழைத்தது. படகு வரவில்லை.

மதாம் ஷாரெட் டெஸ்ஸாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டாவது கடிதம் தயாராக இருந்தது. அவர் அதைத் தள்ளாமல் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"கம்பளம் மடங்கியிருந்துச்சா? கை வழுக்கிடுச்சா? அப்படி ஏதாவது இருந்தா சொல்லு, எழுதிக்கலாம்."

"இல்ல மதாம். கம்பளம் நல்லா இருந்துச்சு. கையும் சரியாத்தான் இருந்துச்சு."

மதாம் பெருமூச்சு விட்டுக் கடிதத்தை நகர்த்தினார். டெஸ்ஸா இரண்டு மொழிகளிலும் கையெழுத்துப் போட்டாள். அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினாள். இனிமேல் தங்கமுலாம் கதாயுதத்துக்குத் தாராளமாக முதுகு காட்டலாம் என்று நினைத்ததும் அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

ஆனால் அவளை அனுப்ப முடியவில்லை.

வெளியேற்றப்படும் பேஜ் அவரவர் வீட்டு வாசல்வரை, அரசு அங்கீகரித்த பொதுப் போக்குவரத்தில், மேற்பார்வையாளரால் கொண்டுபோய் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது விதி. பயணப் பிரிவு பெருநிலத் துறைமுகம்வரை சீட்டு எழுதியது. அதற்கு அப்பால் பேனா நின்றது. அங்கீகரித்த படகு இயங்காமல் இருந்தது. சிங்கறால் படகில் உயிர்காப்புக் கவசங்களின் குறிப்புகள் ஒரே மொழியில் இருந்ததால் அது ஆகாது. ஹெலிகாப்டரில் போக அமைச்சர்களுக்குத்தான் தகுதி.

ஆக டெஸ்ஸா வெளியேற்றப்பட்டு, போகாதவளாக ஆனாள். பேஜ் இல்லை, ஆகவே அவைக்குள் நுழையக் கூடாது. ஒப்படைக்கப்படவில்லை, ஆகவே வகுப்பு நேரம் போக மதாமின் பார்வையை விட்டுப் போகவும் கூடாது. அவைக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். கல்லூரி வகுப்பு முடிந்ததும் பெட்டியோடு அதில் வந்து உட்கார்ந்து பாடம் படித்தாள். ஜனவரி போனது, பிப்ரவரி போனது, வெளியே கால்வாய் உறைந்து ஊரே சறுக்கி விளையாடியது. உறுப்பினர்கள் போகும்போதும் வரும்போதும் நலம் விசாரித்தார்கள். கீப்பிங் தினமும் மூன்று மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து இடது பக்கமிருந்து வைத்துவிட்டுப் போவார். அவள் இப்போது பேஜ் இல்லை என்பதால் "தேங்க்ஸ் மாமா" என்பாள்.

மார்ச்சில் எதிர்க்கட்சிக்கு விஷயம் தெரிந்து, சபாநாயகரின் தீர்ப்பை நிறைவேற்ற முடியாத அரசு ஓர் அரசா என்று கேட்டது. இது தீவைப் பற்றிய கேள்வி இல்லை, அவையின் மாண்பைப் பற்றியது. தாடிக்காரரும் கண்ணாடிக்காரரும் முதல்முறையாக ஒரே தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எட்டு மாதம் கேட்டும் கிடைக்காத படகு, ஒரே ஒருத்தியை வெளியேற்றுவதற்காக எட்டு நிமிடத்தில், ஒரு குரல் எதிர்ப்பில்லாமல் கிடைத்தது. போக்குவரத்து அமைச்சர் நெகிழ்ந்துபோய்ப் பேசினார்.

"நாங்கள் புள்ளிவிவரத்தின்படி நடக்கிற அரசு. அந்த வழித்தடத்தில் பயணிகள் எண்ணிக்கை இந்தக் காலாண்டில் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக உயர இருக்கிறது. நம் நிபுணர்களால் இந்த வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிடவே முடியவில்லை. தினமும் இரண்டு நடை படகு இல்லாமல் இதைச் சமாளிக்க முடியாது."

மே மாதம், கல்லூரித் தேர்வுகள் முடிந்த மறுநாள், படகு புறப்பட்டது. பேஜ்களின் வருடமும் அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்தது. அதனாலென்ன, உத்தரவு உத்தரவுதான். டெஸ்ஸாவும் மதாம் ஷாரெட்டும் மேல்தளத்தில் உட்கார்ந்தார்கள். துறைமுகம் தாண்டியதும் மதாமின் முகம் அவையின் பச்சைக் கம்பளத்தின் நிறத்துக்கு வந்தது. டீக்கடையை மறுபடி திறக்கச் சிங்கறால் படகில் துறைமுகம் வந்து ஏறியிருந்த ரோனாவுக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் அவர்தான். ரோனா ஒரு டம்ளர் தண்ணீரை வலது பக்கமிருந்து நீட்டினாள். மதாம் அதைப் பார்த்தார், வாயைத் திறந்தார், அலை ஒன்று வந்தது. வாங்கிக் குடித்துவிட்டார்.

வீட்டு வாசலில் படிவத்தை எடுத்தார். 'ஒரு மாணவி, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. ரோனா மகளை மேலும் கீழும் பார்த்தாள். "இளைச்சிருக்கா. இதை எங்க எழுதணும்?" என்றாள். அதற்குக் கட்டம் இல்லை.

"சரி, உள்ள வாங்க. அடுத்த படகு காலையிலதான்."

அடுப்படியில் ஊர் கூடியிருந்தது. ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் முடித்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, அடுத்தவர். புதுக் குழந்தைகூட இடைவெளி பார்த்துத்தான் அழுதது. முறை சுற்றி வந்து, எல்லோரும் பேச்சை நிறுத்தி, தலையைச் சற்றுச் சாய்த்து மதாம் ஷாரெட்டைப் பார்த்தார்கள். அவர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. இருபத்தாறு வருடம் மற்றவர்களுக்கு மௌனம் கற்றுக்கொடுத்தவர், ஒருமுறை செருமிக்கொண்டு, "முதல் நாள் நான் வேலைக்குச் சேர்ந்தப்ப..." என்று ஆரம்பித்தார்.

மறுநாள் காலை படகு சரியான நேரத்துக்கு வந்து, ஊதி, காத்திருந்து, புறப்பட்டுப் போனது. மதாம் அப்போது தன் கதையில் ஒன்பதாவது வருடத்துக்குத்தான் வந்திருந்தார். யாரும் குறுக்கே பேசி நினைவுபடுத்தவில்லை. ரோனா அவருக்கு இன்னொரு மீன் அடையை வைத்தாள். அவசரம் ஒன்றுமில்லை, மாலையிலும் படகு இருக்கிறது.